மறைந்து நிற்கும் உருபு

கார்குழலி இறந்து இரண்டாண்டு கழிந்தபின், 2007ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், அவள்மீது ஒரு புகார் வந்தது. புகாரின் முதற்பக்கத்தில் எதிர்மனுதாரர் என்று அவள் பெயர் இருந்தது. குறித்த நாளுக்குள் அவள் விடை அளிக்கவில்லையெனில், அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்றே கொள்ளப்படும் என்று அதன் கீழே எழுதியிருந்தது.

கூரியர் உறையை வாங்கிக்கொண்டவன் அவள் கணவன் வெற்றிவேல். உழவர்கரையில் பிரவுசிங் சென்டர் நடத்துபவன்.

"அவங்க இல்லயா சார்?" என்று கூரியர்க்காரர் கேட்டார்.

"வெளிய போயிருக்காங்க" என்றான் வெற்றிவேல்.

தெருவில் உள்ளவர்களிடம் அவ்வாறு சொல்ல இயலாது. அவர்கள் பாடையின் பின்னால் கருவடிக்குப்பம் சுடுகாடுவரை நடந்தவர்கள். தெரியாதவர்களிடம் மட்டும் இரண்டாண்டாக அவன் அந்த விடையைச் சொல்லிவந்தான்.

புகார் கொடுத்தது சென்னையில் தலைமுடித் தைலம் செய்யும் ஒரு கம்பெனி. தைலத்தின் பெயர் கார்குழலி. கார்மேகம் போன்ற கூந்தலை உடையவள் என்பது அதன் பொருளாதலால், அப்பெயரைத் தேர்ந்தவரைக் குறைகூற இடமில்லை. 2003இல் அதை வணிகக்குறியாகப் பதிந்துகொண்டார்கள். பிறகு இணையத்தில் தங்களுக்கு ஓர் இடம் அமைக்க முனைந்தபோது, அதே பெயரில் ஏற்கெனவே ஒருத்தி குடியிருப்பதைக் கண்டார்கள். அந்த முகவரியைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று, இத்தகைய வழக்குகளைக் கடிதவழியே தீர்க்கும் வெளிநாட்டு நடுவர் மன்றத்தில் முறையிட்டிருந்தார்கள்.

தைலத்தை அறியாதவர் அப்போது ஊரில் இல்லை. பேருந்துகளின் முதுகிலும் பெட்டிக்கடைப் பலகைகளிலும் அந்தப் பெயர் இருந்தது. சுடுகாட்டுக்குப் போகும் சாலையின் மதிலில், 'கார்குழலி: வேருக்கு மறுபடி உயிர்' என்று ஆளுயரத்தில் எழுதியிருந்தார்கள். தொலைக்காட்சி விளம்பரம் இன்னும் கொடிது. அதில் ஒரு தாய் சமையலறையிலிருந்து, "கார்குழலி… ஏ கார்குழலி…" என்று இரண்டுமுறை கூப்பிடுவாள். இரண்டாம் அழைப்புக்கு ஒரு பெண் கூந்தலை வீசிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடிவருவாள். மாலைநேரத் தொடர்களின் நடுவே அது பலமுறை வரும். ஒவ்வொரு முறையும் கார்குழலியின் தாய் செல்வாம்பாளின் கை, செய்துகொண்டிருந்த வேலையில் அப்படியே நின்றுவிடும். பெண் ஓடிவந்து முகம் காட்டியபின்தான் கை மீண்டும் அசையும். செல்வாம்பாளும் வெற்றிவேலும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

கார்குழலியின் தளம் உறவு தேடும் தளம். பிரெஞ்சுப் படையிலும் துரைத்தனத்திலும் வேலை பார்த்துச் சைகோனுக்கும் பாரிசுக்கும் போய்த் தொடர்பு அறுந்த குடும்பங்கள் புதுச்சேரியைச் சுற்றிப் பல உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு பெயரையும் ஓர் ஊரையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு எழுதினார்கள். பெயரோ பிரெஞ்சு எழுத்தில் இருக்கும். இங்குள்ள உறவினரின் குடும்ப அட்டையில் அதே பெயர் பெரும்பாலும் ஆங்கில முறையில் இருக்கும். எழுத்தை ஒப்பிட்டவர்கள் யாரையும் கண்டுபிடிக்கவில்லை. கார்குழலி வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். காது ஒப்புக்கொண்டால் பேருந்து ஏறிப்போய்க் கதவைத் தட்டுவாள். 2000இல் அவளே தன் பெயரில் முகவரியைப் பதிந்து, அந்த வேலையை ஊதியமின்றிச் செய்துவந்தாள்.

2005இல் மூளைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. மின்னஞ்சல்கள் மட்டும் நிற்கவில்லை. முதலில் வந்த ஒன்றுக்கு, அவள் இல்லை என்று எழுத வெற்றிவேல் உட்கார்ந்தான். லியோன் நகரத்து முதியவர் கண்ணையன் எழுதியிருந்தார். வீராம்பட்டினத்தில் விட்டுப்போன தங்கை கொளஞ்சியைத் தேடுபவர். கார்குழலி நலமா, சாப்பிட்டாளா என்றெல்லாம் கேட்டிருந்தார். வெற்றிவேல் நெடுநேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டு, 'நலம்' என்று எழுதினான். கீழே அவள் பெயரை இட்டான். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் பெயரிலேயே விடை போயிற்று. கொளஞ்சியின் பிள்ளைகள் இருக்கும் வீட்டை அவனே தேடிக் கண்டுபிடித்து, அவளே கண்டதாகக் கண்ணையனுக்கு எழுதினான். இத்தளம் கைவிட்டுப் போனால் அவள் எழுதிய பக்கங்களும், அவளைத் தேடிவரும் இந்தக் குரல்களும் ஒரே நாளில் போய்விடும்; அந்த முகவரியைத் தட்டுபவர்முன் தைலப் புட்டி வந்து நிற்கும்.

மிஷன் வீதியில் இருந்த வழக்கறிஞர் ஹேமலதாவிடம் அவன் புகாரைக் கொண்டுபோனான். அவர் முழுவதையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேர் பதிஞ்சது ரெண்டாயிரத்துல. எண்ணெய் வந்தது ரெண்டாயிரத்து மூணுல. இல்லாத எண்ணெய மனசுல வச்சிக்கிட்டு யாரும் கெட்ட எண்ணத்துல பேர் பதிய முடியாது. தேதி பலமா இருக்கு."

"அப்ப ஜெயிச்சிடலாமா மேடம்?"

"தேதி உங்க மனைவியோடது, வெற்றிவேல். உங்களோடது இல்ல. இப்ப உங்க பேருக்கு மாத்தினா, மாத்தின நாள்தான் உங்க தேதின்னு அவங்க சொல்லுவாங்க. அது எண்ணெய்க்கு அப்புறம்."

"மாத்தாம விட்டா?"

"விட்டா உங்க மனைவிதான் பதில் சொல்லணும். சொல்லுவாங்களா?"

வெற்றிவேல் புகாரின் முதற்பக்கத்தில் இருந்த அவள் பெயரைப் பார்த்தான்.

"குடும்பத்துல கைவிடாம தொடர்ந்து வருதுன்னு வாதாடலாம். பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் ரெண்டும் வைக்கணும். பிறப்புல ஒரு தகராறு கிளப்பறாங்க. பதிவுல உங்க மனைவி பேரு நம்ம ஊரு பிரெஞ்சு எழுத்துல இருக்கு. ககரத்துக்கு சி, ழகரத்துக்கு ஜே. சென்னை வக்கீல் அத 'கார்கவுஜாலி'ன்னு படிச்சிட்டு, அப்பிடி ஒரு பொம்பளைக்கும் கார்குழலிக்கும் சம்பந்தமே இல்லங்கறார்."

"முகவரிய வெளியூர்க்காரங்களும் படிக்கணும்னு என்னோட எழுத்துல போட்டா மேடம். நான் திண்டிவனம். எங்க பக்கம் இங்கிலீஷ் முறை, ழ-வுக்கு இசட், ஹெச்."

"இது பெரிய விஷயம் இல்ல. எங்கப்பா பேரு ஏழுமலை. அட்டையில ஜே போட்டுத்தான் இருக்கும். சென்னைல ஒரு பேங்க்ல அவர 'எஜவுமேல், எஜவுமேல்'னு கூப்பிட்டிருக்காங்க. யாரோ வெள்ளக்காரன் போலன்னு இவர் பூட்டற வரைக்கும் உக்காந்திருந்தார்." அவர் சிரிக்கவில்லை, ஒரு தாளை எடுத்து அவன்பக்கம் திருப்பினார். "பெரிய விஷயம் இது. போன வருஷம் கம்பெனிக்கு நீங்க அனுப்பின பதில்."

மின்னஞ்சலின் நகல் அது. கார்குழலியின் முகவரியிலிருந்து, அவள் இறந்த மறு ஆண்டில் போயிருந்தது. இரண்டே வரி.

Idou en ponnou perou. Idoukkou vele ille.
Carcoujaly amma.

"கம்பெனியோட மொழிபெயர்ப்பு கீழ இருக்கு. 'இது என் பொன்னான பெயர். இதற்கு விலையே இல்லை.' கையெழுத்து, 'கார்கவுஜாலி அம்மையார்.' பெரிய தொகை கேக்கறதுக்காக மிரட்டறாங்களாம். இப்ப இறப்புச் சான்றிதழ வச்சோம்னா, செத்தவங்க பேர்ல ஒருத்தர் பேரம் பேசினார்னு ஆகும். உங்க வழக்கு அதோட முடிஞ்சுது. ஏன் இப்பிடி எழுதினீங்க?"

"நான் எழுதல மேடம்" என்றான் வெற்றிவேல்.

"உங்க வீட்டுல வேற யாருக்கு அந்தக் கணினி தெரியும்?"

"அவளுக்குத்தான் தெரியும்."

சொன்னபின்தான் தான் சொன்னது இன்னதென்று அவனுக்கு உறைத்தது. ஹேமலதா நகலை மடித்து அவனிடம் நீட்டினார்.

"யாருன்னு கண்டுபிடிச்சிட்டு வாங்க" என்றார்.

வீடு திரும்பும்போது, தேவையில்லாமல் கருவடிக்குப்பம் சாலை வழியே போனான். மதிலில் சுண்ணாம்பு புதிதாய் அடித்து, அவள் பெயரை மீண்டும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 'கார்' முடிந்திருந்தது. மற்ற எழுத்துகள் பென்சில் கோடுகளாய், நிறத்துக்காகக் காத்திருந்தன.

அவளுடைய கணினி வீட்டு முன்னறையில், அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. அனுப்பியவை என்ற பகுதியில் தேடினான். தன் விடைகளின் நடுவே அந்த இரண்டு வரி இருந்தது. இவ்வளவு நாளும் அங்கேயே இருந்திருக்கிறது. தான் எழுதியவற்றைத் தானே திரும்பிப் பார்க்க அஞ்சியதால் அவன் கண்ணில் படவில்லை. கீழே இருந்த எழுத்துக்கூட்டல் அவனுடையது அன்று. குடும்ப அட்டையிலும் திருமணப் பதிவிலும் இருந்த, அவளுடைய எழுத்துக்கூட்டல்.

அச்சம் அப்போது வரவில்லை. மறுநாள் வந்தது. ஒரு மணிக்குக் கடைகள் அடைத்து ஊர் உறங்கும் பொழுதில், சென்டரின் கணக்கைப் பார்க்க அவன் வெளியே போவது வழக்கம். அன்று புறப்படும்முன், நாற்காலியை மேசைக்கு நேராகத் தள்ளி நிறுத்திவிட்டுப் போனான். மாலையில் வந்தபோது நாற்காலி பக்கவாட்டில் திரும்பியிருந்தது. கார்குழலிக்கு இடுப்பு வலி. நேராக உட்காராமல், ஒருக்களித்தே உட்காருவாள்.

அடுத்த நாளும் நேராக்கினான். அடுத்த நாளும் திரும்பியிருந்தது. கணினியின் விசிறி சூடாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள், விடை எழுதும் பெட்டியைத் திறந்து, 'நீயா?' என்று மட்டும் தட்டச்சு செய்து, அனுப்பாமல் விட்டுப் போனான். திரும்பி வந்தபோது அது அப்படியே இருந்தது. கேள்விக்குறியின் அருகில் சுட்டுமுள் மினுங்கிக்கொண்டிருந்தது, யாரோ சொல்லவந்து நிறுத்தியதைப்போல். அன்றிரவு அவன் உணவைத் தொடவில்லை. செல்வாம்பாளிடம் கேட்கலாம் என்ற எண்ணம் அவனுக்கு வராமல் இல்லை. மகளைத் திரும்பக் கொண்டுவந்து காட்டுவதைப்போன்ற அந்தக் கேள்வியை ஒரு தாயிடம் எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.

விடை அனுப்பவேண்டிய நாள் நெருங்கியது. ஒரு ஞாயிறு முற்பகலில், நகலைக் கையில் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தான். அவள் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. தானும் அவ்வாறே படிக்கத் தொடங்கினான்.

"இடோவ்… என்… பொன்னோவ்… பெரோவ்…"

அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கார்குழலியின் குரல் சொன்னது:

"இது என் பொண்ணு பேரு. இதுக்கு வெல இல்ல."

வெற்றிவேல் திரும்பவில்லை.

"கடைசியில இன்னா போட்டிருக்கு, அதயும் படி" என்றது குரல்.

"கார்குழலி அம்மா" என்றான்.

"அப்புறம் இன்னா. அவ அம்மா நான்தான?"

அவன் திரும்பினான். சமையலறை வாயிலில், அரிவாள்மணையில் நறுக்கிய வெண்டைக்காய்த் தட்டோடு செல்வாம்பாள் நின்றிருந்தார். தொலைபேசியில் தாயின் குரலையும் மகளின் குரலையும் யாராலும் பிரித்தறிய இயன்றதில்லை. அவனே பலமுறை ஏமாந்திருக்கிறான். அந்தக் குரல் இரண்டாண்டாக அவன் வீட்டிலேயே இருந்தது. செல்வாம்பாள் பேச்சைக் குறைத்துவிட்டதால் அவன் அதை மறந்திருந்தான்.

"நீங்களா அத்த?"

"ஒரு ஆளு போன் பண்ணான். கார்குழலி பேர எங்களுக்குக் குடுத்துடுங்க, நல்ல வெல தரோம்னான். பேர எப்பிடிப்பா குடுக்கறதுன்னேன். மெயில்ல பதில் போடுங்கம்மான்னான். போட்டேன்."

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"அவ பக்கத்துல உக்காந்து பாத்ததுதான். வளஞ்ச அம்புமேல அமுக்கினா பதில். பொட்டியில தமிழ் எழுத்து இல்ல. வெள்ளக்காரன் காலத்துல அஞ்சாவது வரைக்கும் படிச்சேன்ல, எங்க பிரெஞ்சு டீச்சர் மதாம் சொல்லிக்குடுத்த எழுத்துல போட்டேன். உகரம் வேணும்னா ஓ-வும் யூ-வும் சேத்துப் போடணும். இன்னாத்த 'இடோவ்' 'பொன்னோவ்'னு மாட்ட ஓட்டறாப்போல படிக்கிற?"

வெற்றிவேலுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"மத்தியானத்துல நாற்காலியில உக்காருறதும் நீங்கதானா?"

"தூக்கம் வர்றதில்ல தம்பி. அவளுக்கு வர்ற மெயில தெறந்து பாப்பேன். எல்லாம் இங்கிலீசு, படிக்க வராது. அவ பேரு எங்கங்க இருக்குன்னு தெரியும்." செல்வாம்பாள் தட்டை மேசைமேல் வைத்தார். "நீ எழுதறதயும் பாக்கறேன். கடைசியில அவ பேரு போடற."

அவன் நகலை மேசைமேல் வைத்தான்.

"அன்னிக்கு 'நீயா'ன்னு எழுதி வச்சிட்டுப் போனியே. அத மட்டும் தமிழ் எழுத்துல வச்சிருந்த. அது என்னியக் கேட்டது இல்லன்னு தெரியும். அதான் ஒண்ணும் போடல."

"அத்த…"

"தப்புன்னு சொல்லல. நான் அம்மான்னு சேத்துப் போட்டேன். நீ ஒண்ணும் சேக்கல. அவ்ளோதான்."

திங்கட்கிழமை அவன் இதைச் சொன்னபோது, ஹேமலதா எழுந்து அறையின் மறுமுனைவரை நடந்துவிட்டு வந்தார். மொழிபெயர்ப்பையே நம்பி, மேலே இருந்த வரிகளைத் தானும் வாய்விட்டுப் படிக்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. கார்குழலி அம்மா என்னும் தொடரின் நடுவே எந்த உருபும் வெளிப்படையாக இல்லை. 'ஆகிய' என்று விரித்தால் கார்குழலியே அம்மையார். கம்பெனி அவ்வாறு விரித்தது. 'உடைய' என்று விரித்தால் கார்குழலியின் தாய். எழுதியவர் அவ்வாறே எழுதினார். தமிழ் அறிந்த குழந்தை இடம் பார்த்துப் பொருள் கொள்ளும். பொன் என்றும் பெண் என்றும் பிரித்தறியாத மொழிபெயர்ப்பாளரிடம் அதை எதிர்பார்ப்பதற்கில்லை. தாய் தன் மகளின் பெயர் விற்பனைக்கு இல்லை என்று எழுதியிருக்கிறாள். அதில் மிரட்டலும் இல்லை, ஆள்மாறாட்டமும் இல்லை.

"அத்தையோட உறுதிமொழி ஒண்ணு, அஞ்சாம் வகுப்புச் சான்றிதழ் ஒண்ணு" என்றார் ஹேமலதா. "நீங்களும் ஒண்ணு எழுதணும். சொன்னதெல்லாம் உண்மை, முழுமைன்னு கையெழுத்துப் போடணும். வேற ஏதாவது மெயில் அவங்க பேர்ல போயிருக்கா?"

"போயிருக்கு."

"யாருக்கு?"

"எழுதின எல்லாருக்கும். நான்தான் அனுப்பினேன். அவ எழுதறாப்பல."

அவர் பேனாவை மூடினார். "கம்பெனிகிட்ட அது எதுவும் இல்ல. இந்த வழக்குக்கு அது தேவையில்லன்னு வாதாடற வக்கீலும் இருப்பாங்க."

"நீங்க?"

"'முழுமை'ங்கற வார்த்த அந்தத் தாள்ல இருக்கு. அத நான் அடிச்சிட முடியாது."

"எழுதினா தோத்துடுவோமா மேடம்?"

"தோக்கலாம்."

அம்மா என்று சேர்த்த ஒரு சொல், இரண்டாண்டாகத் தான் சேர்க்காமல் விட்ட ஒரு சொல்: இரண்டையும் அவன் மனத்தில் எடைபோட்டான் என்று சொல்ல இயலாது. செல்வாம்பாள் தட்டை வைத்த ஓசைதான் அவன் காதில் இருந்தது. எழுதித் தந்தான். எழுதித் தந்ததோடு நில்லாமல், நடுவர்களுக்குத் தெரியப்போவது உரியவர்களுக்கு முதலில் தெரியட்டும் என்று, அவளுக்கு எழுதிவந்த ஒவ்வொருவருக்கும் அவள் மறைவைச் சொன்னான். விடைகள் வந்தன. சிலர் வருந்தினார்கள். ஓர் அம்மையார் சினந்தார். கண்ணையனிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

ஐப்பசி மழையின் நடுவே தீர்ப்பு வந்தது. பெயர் வணிகக்குறிக்கு முன்பே பதியப்பட்டது. பதிந்தவள் பிறப்பிலேயே அப்பெயரைப் பெற்றவள். எழுத்து வேறாயினும் பெயர் ஒன்றே. அவளுக்குப் பின் அவள் குடும்பத்தார் கைவிடாமல் அதே வேலையை நடத்தினர். இறந்தவர் பெயரில் கடிதம் எழுதியது ஏற்கத்தக்கதன்று என்றும், அது தைலத்தின் நற்பெயரைக் கவர்வதற்காகச் செய்ததன்று என்றும் நடுவர் தனியே குறித்திருந்தார். முறையீடு தள்ளப்பட்டது. முகவரி இருந்த இடத்திலேயே இருக்கும்; தைலமும் தன் புட்டியில், தன் பெயரோடு இருக்கும்.

"நம்ம பேரு நம்மகிட்டயே இருக்கா?" என்று செல்வாம்பாள் கேட்டார்.

"இருக்கு அத்த."

"அவனும் விக்கலாமா?"

"விக்கலாம்."



அந்த வாரத்தில்தான் கண்ணையனின் மின்னஞ்சல் வந்தது. அவர் இரங்கல் ஏதும் எழுதவில்லை. 'கொளஞ்சியின் வீட்டு வாயிலில் வேப்பமரம் நிற்கிறது என்றும், அதன் பழம் விழுந்து படி வழுக்குகிறது என்றும் கார்குழலி எனக்கு எழுதினாள். அவள் இறந்து ஓராண்டு கழிந்த நாளில் அது வந்திருக்கிறது. அந்தப் படியில் நின்றது யார்? நீங்கள் என்றால் நீங்கள் என்று எழுதுங்கள். நீங்கள் இல்லை என்றாலும் எழுதுங்கள். நான் அச்சப்பட மாட்டேன்.'

நின்றது வெற்றிவேல்தான். ஆயினும் அன்று வீராம்பட்டினத்தில் அந்தப் பெயரைத் தெருத்தெருவாய் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனபோது, எந்த வாயிலில் நிற்கவேண்டும் என்று தனக்கு எப்படித் தெரிந்தது என்பதை அவனால் இன்றும் சொல்ல இயலவில்லை. நின்றது நான் என்று எழுதினான். எப்படித் தெரிந்தது என்பது தெரியவில்லை என்றும் எழுதினான். கடிதத்தின் கீழே கை தானாக அவள் பெயரைத் தட்டச்சு செய்தது. அழிக்கப் போனான், நிறுத்தினான். அதன்பின் ஒரு சொல்லைச் சேர்த்தான்.

கார்குழலி கணவன்.

அனுப்பிவிட்டு எழுந்தபோது நாற்காலி ஒருக்களித்துத் திரும்பியது. அவன் அதை நேராக்கவில்லை.

உள்ளறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தொடரின் நடுவே அந்தத் தாய்க்குரல் எழுந்தது. "கார்குழலி…"

முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த செல்வாம்பாளின் கை நின்றது. பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், வாயிலில் வந்து கேட்பவருக்குச் சொல்லும் குரலில், "அவ இல்லம்மா" என்றார்.

"ஏ கார்குழலி…" என்று அது மறுபடியும் கூப்பிட்டது. வழக்கம்போல், வேறொரு பெண் ஓடிவந்தாள்.